தங்கச்சி வீடு சியாமெனில்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

கோலாலம்பூரில் விமானம் மாறி, மத்தியானம் சியாமெனில் வந்து இறங்கினேன். சீனாவின் தென்கிழக்கில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிற தீவு நகரம் இது. வெளியே கால் வைத்ததும் தூத்துக்குடிக் காற்று மாதிரி பிசுபிசுவென்று ஒட்டியது. தங்கை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட்ட கைப்பையிலதான வச்சிருக்கக்கா?"

பெட்டியை வீட்டில் போட்டதும் நேரே போலீஸ் ஸ்டேஷன். வெளிநாட்டுக்காரர் ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே போய்ப் பதிய வேண்டும். கூடப் பிறந்தவள் வீடானாலும் சட்டம் சட்டம்தான். வாடகை ஒப்பந்தம், தங்கையின் பாஸ்போர்ட், என் பாஸ்போர்ட் எல்லாம் மேசைக்குப் போயின. போலீஸ்காரர் ஏதோ கேட்டார். தங்கை பதிலுக்கு வார்த்தை தேடுவதற்குள், எட்டு வயது பெரியவன் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லிவிட்டான். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். என்னடா சொன்னே என்றால், "நீங்களும் டீச்சர்தான்னு சொன்னேன் பெரியம்மா" என்கிறான்.

வீட்டில் எல்லோருமே அந்த வகைதான். தங்கையும் மாப்பிள்ளையும் இங்கே ஒரு தனியார் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் வேலை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை கணக்கு, இவள் இயற்பியல். வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகப்போகும் சீனப் பிள்ளைகளுக்கு ஏ லெவல் என்கிற பிரிட்டன் முறை மேல்நிலைப் பாடம் நடத்துவது வேலை. நம்மவர்கள் சீனாவில் வாத்தியார் என்றாலே இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். ஆங்கிலப் பாடத்துக்கு அமெரிக்கா, பிரிட்டன் போல ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் குடிமக்களைத்தான் எடுப்பது இங்கே விதி. நமக்குக் கணக்கும் அறிவியலும்தான் கதவு.

செப்டம்பர் 9, திங்கள்

வீடு ஆறரைக்கெல்லாம் பரபரப்பு. சின்னவளுக்கு நாலு வயது, பாலர் பள்ளியில் நடு வகுப்பு. காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, தூங்குவதற்குக் குட்டிக் கட்டில் எல்லாம் பள்ளியிலேயே உண்டு. தங்கை அவளை மின்சார ஸ்கூட்டரில் கொண்டு விடுகிறாள். இந்த ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். நடைபாதையில் போனாலும் பின்னால் ஒரு கண் வேண்டும்.

பெரியவனோடு அவன் பள்ளி வாசல் வரை போனேன். அரசுத் தொடக்கப் பள்ளி. வாசலோடு பெற்றோருக்கு வேலை முடிந்தது, உள்ளே விடமாட்டார்கள். கொண்டுவந்து விடுபவர்களில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டிகள். திங்கட்கிழமை என்பதால் கொடியேற்றம். கம்பி வேலி வழியாகப் பார்த்தேன். ஆயிரம் பிள்ளைகள், எல்லோருக்கும் விளையாட்டு உடை மாதிரியான சீருடை, மூன்றாம் வகுப்புக்காரர்கள் கழுத்திலெல்லாம் கம்யூனிஸ்ட் கட்சியின் சிறுவர் அமைப்பான இளம் முன்னோடிகளின் சிவப்புக் கழுத்துத் துணி. எங்கள் வீட்டுப் பிள்ளை கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்கு அது கொடுக்கப்படவில்லை. வகுப்பே அணிந்துகொண்டு வந்த அன்று வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டானாம். இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றாள் தங்கை. பேசாமல் இருப்பதுதான் எனக்கு இடித்தது.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டி, காய்கறிப் பையை ஆட்டிக் காட்டினார். சந்தைக்கு வருகிறாயா என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

சந்தையில் எனக்குப் பாதிக் காய் தெரிந்த முகம். பீர்க்கங்காய், பாகற்காய், சிவப்புத் தண்டுக்கீரை, பசலைக்கீரை, நீளப் புடலை. விலை எல்லாம் அரைக் கிலோவுக்கு. ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டுகிறார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்தால் எட்டு. கீரைக்காரம்மா ஆறு காட்டினார். நான் ஐம்பது யுவான் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை என்று சில்லறை தேடிப் போய்விட்டார். எல்லோரும் கடையில் தொங்கவிட்ட கியூஆர் கட்டத்தை போனில் படம் பிடித்துக் காசு கொடுக்கிற ஊரில் நோட்டோடு வந்தால் இதுதான். கடைசியில் பாட்டியே தன் போனில் கொடுத்துவிட்டார். வெங்காயத்தாள் ஒரு பிடி இனாம், நம்மூரில் கறிவேப்பிலை போடுகிற கணக்கு.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று இங்கே ஆசிரியர் தினம். 1985இல் இருந்து செப்டம்பர் 10. நமக்கு ஐந்தாம் தேதி முடிந்துவிட்டதால் எனக்கு இந்த வருஷம் இரண்டு. வாசலில் பெயர் எழுதிக்கொண்டு என்னையும் பள்ளிக்குள் விட்டார்கள்.

தங்கை மேசையில் கைப்பட எழுதிய அட்டைகளும் ஒற்றை ஒற்றைப் பூக்களும் குவிந்திருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இருக்காது, இருக்கவும் கூடாது. மாணவரிடமோ பெற்றோரிடமோ ஆசிரியர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று 2014இல் கல்வி அமைச்சகம் விதியே போட்டிருக்கிறது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பு பார்த்தேன். ஊரில் இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவள் நான், அதனால் கண் தானாகவே பிள்ளைகள் கைக்குத்தான் போகும். போர்டில் கேள்வி எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் விடை எழுதிவிட்டார்கள். இயற்பியலுக்குள் இருக்கும் கணக்கு அவர்களுக்குச் சர்க்கரை. கேள்வி நாலு வரி ஆங்கிலத்தில் கதையாக வந்தால்தான் தடுமாற்றம். அதைவிடப் பெரிய வித்தியாசம், ஒருவரும் வாய் திறந்து சந்தேகம் கேட்பதில்லை. புரிந்ததா என்றால் நாற்பது தலையும் ஒன்றாக ஆடும். "ராத்திரி பதினோரு மணிக்குப் பாரு," என்றாள் தங்கை. உண்மைதான், இதை எழுதும்போது பக்கத்தில் அவள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாம் பகலில் தலையாட்டிய பிள்ளைகள்.

எனக்குப் பொறாமை வந்த இடம் மத்தியானம். சாப்பிட்டு முடித்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மேசையில் குட்டித் தலையணை வைத்துத் தூங்குகிறார்கள். ஆசிரியர் அறையில் மடக்குக் கட்டில்கள் விரிகின்றன. தலைமை ஆசிரியர் அறையிலும் குறட்டை. நம் கல்வித் துறைக்கு யாராவது இதை எடுத்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

செப்டம்பர் 11, புதன்

அம்மாவோடு பேசுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் இவர்களுக்கு. இங்கே வாட்சாப் அடைப்பு. இங்கே எல்லோரும் உயிரை வைத்திருக்கும் வீசாட் செயலியை 2020இல் இந்தியா தடை செய்துவிட்டது. ஆகவே பள்ளி வேலைக்கான டீம்ஸ் செயலியில், ஏதோ அலுவலகக் கூட்டம் போல நேரம் குறித்து, அம்மா பேத்தியைப் பார்க்கிறாள். "ஏட்டி, தலைய எண்ணெ வச்சுச் சீவு" என்று திருநெல்வேலியிலிருந்து ஆணை வருகிறது. என் போன் மட்டும் ஊர் சிம்மில் ரோமிங்கில் ஓடுவதால் வாட்சாப்பும் வருகிறது, இந்தப் பதிவும் போகிறது.

இந்தக் குடும்பம் முதலில் 2018இல் சீனா வந்தது, வேறொரு ஊருக்கு. 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தார்கள், ஒரு பெட்டியோடு. கொரோனாவால் மார்ச் 28 முதல் வெளிநாட்டவர் உள்ளே வரக் கூடாது என்று சீனாவில் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு மாடியிலிருந்துதான் சீனாவுக்குப் பாடம். சீனாவில் காலை எட்டு மணி முதல் பீரியட் என்றால் ஊரில் ஐந்தரை. மேலே வெள்ளைச் சட்டை, கீழே சாரம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வகைநுண்கணிதம் நடத்த, கீழே பால்காரர் மணி அடிப்பார். சின்னவள் பிறந்தது அந்தக் காலத்தில்தான். 2022 பிற்பாதியில் விசா திறந்ததும் திரும்பினார்கள். பழைய வாடகை வீட்டுச் சாமான்களில் எது மிஞ்சியது என்று கேட்டேன். மாப்பிள்ளை பதில் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார்.

பள்ளி மாறியது தனிக் கதை. வேலை அனுமதி ஒரு பள்ளியின் பெயரில் இருக்கும். வேறு பள்ளிக்குப் போக, பழைய பள்ளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பழைய இடத்தில் அதை இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். பெயர் வேண்டாம். வேலை அனுமதியை ஒட்டித்தான் தங்கும் அனுமதி, அதை ஒட்டித்தான் பிள்ளைகளின் அனுமதி. ஒரு கையெழுத்து தாமதமானால் நாலு பேரின் கூரை ஆடும். அந்த நாட்களில் தங்கை நகத்தைக் கடித்தே தீர்த்ததாக மாப்பிள்ளை சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

இட்லி. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி, இங்கத்து ப்ளக்கில் நுழையாது என்பதால் இடையில் ஒரு அடாப்டர். மின்சாரம் இங்கே 220 வோல்ட், ஊரில் 230, கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பிழைத்தது. உளுந்தும் புளியும் டாவோபாவோ என்கிற இணையக் கடையில் ஆர்டர் போட்டால் வந்துவிடுகின்றன. பார்சல் வீட்டுக்கு வராது. குடியிருப்பு வாசலில் பெட்டிப் பெட்டியாக அடுக்கிய அலமாரி ஒன்று இருக்கிறது, போனில் வரும் எண்ணை அழுத்தினால் ஒரு கதவு மட்டும் டப்பென்று திறக்கும். சின்னவளுக்கு அந்த எண்ணை அழுத்துவதற்காகவே தினமும் ஏதாவது வாங்க வேண்டும். கறிவேப்பிலை பால்கனித் தொட்டியில். முருங்கைக்காய்க்கு மட்டும் வழி இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்கு இந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒலிபெருக்கி வைத்து நடுவயதுப் பெண்கள் வரிசை கட்டி ஆடுகிறார்கள். நடுவில் தாத்தாக்கள் சீனச் சதுரங்கம். இன்னொரு பக்கம் பிள்ளைகள் கயிறு தாண்டல். இது விளையாட்டு அல்ல, வீட்டுப்பாடம். ஒரு நிமிஷத்தில் எத்தனை தாண்டல் என்பது பள்ளி உடற்தகுதித் தேர்வில் மதிப்பெண்ணுக்கு உரியது. ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் ஒரு பெரியவர் போனில் நேரம் பார்த்துப் படம் பிடித்து, வகுப்புக் குழுவில் போடுகிறார். மாப்பிள்ளையும் போனோடு நின்றார். பெரியவன் 121 தாண்டிவிட்டுக் கயிறைக் கீழே போட்டான், "மறுபடியும்" என்றான். மறுபடியும் 118. முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கயிற்றின் நீளத்தை அளந்து, இரண்டு பக்கமும் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். 130.

இந்தப் பாட்டி இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாது. தினமும் சீன எழுத்துகளைப் பெரியவர் சொல்ல, பிள்ளை எழுத, பெரியவர் கையெழுத்திட வேண்டும். தங்கைக்குச் சீனம் பேசத்தான் வரும், படிக்கத் திணறுவாள். பாட்டிதான் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்குத் தாய்மொழி மின்னான், இந்தக் கரையோரப் பேச்சு. பொதுச்சீனம் பேசும்போது அதன் வாடை அடிக்கும், பயல் திருத்துகிறான், பாட்டி அவன் தலையில் தட்டுகிறார்.

இன்றைக்கு ஆட்டத்தை விடப் பேச்சுதான் அதிகம். ஓய்வு வயதை அடுத்த ஜனவரியிலிருந்து படிப்படியாக உயர்த்துவதாக பெய்ஜிங்கில் இன்று முடிவாகியிருக்கிறது. ஆண்களுக்கு 60இலிருந்து 63, பெண்களுக்கு வேலையைப் பொறுத்து 50இலிருந்து 55 அல்லது 55இலிருந்து 58. பதினைந்து வருஷத்தில் நடக்கும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. கவலை வேறு. "எங்க மக ரிட்டயர் ஆகலைன்னா பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிட்டு வரது" என்று ஒரு அம்மா கேட்டாராம். தங்கை மொழிபெயர்த்தாள். பள்ளி வாசலில் பார்த்த தாத்தா பாட்டிக் கூட்டம் ஞாபகம் வந்தது. நியாயமான கேள்வி.

செப்டம்பர் 14, சனி

சனிக்கிழமை, எல்லோருக்கும் வேலை நாள். நாளை முதல் மூன்று நாள் நடு இலையுதிர் விழா விடுமுறை, அதில் ஒரு நாளுக்கு இன்று ஈடு. விடுமுறையைக் கொடுப்பது போலக் கொடுத்து ஒரு சனியைப் பிடுங்கிக்கொள்வதில் இங்கத்து ஆட்களுக்கும் எரிச்சல்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அவருக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மூவரும் பால்கனியில் உட்கார்ந்தோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்பதைக் குளிர்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் இதே கேள்விதான். இதுவரை சம்பளத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள், இப்போது பெரியவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ஒரு தேர்வு. மேல்நிலைப் பள்ளியா தொழிற்பள்ளியா என்று பிரிப்பது அதுதான். அந்த ஓட்டத்தில் இவனை இறக்கிவிட இவர்களுக்குப் பயம். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் கட்டினால் இங்கே இருப்பதில் அர்த்தமே இல்லை. ஊருக்குத் திரும்புவதென்றால் ஆறாம் வகுப்புக்குள் திரும்ப வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். பயல் நன்றாகப் பேசுகிறான், 'ழ'கரம் எல்லாம் சுத்தம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டுகிறான். சீனத்தில் அவன் வயதுக்குரிய கதைப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டு வாசிக்கிறான். "அவன் கனவுல பேசுறது சீனந்தான் மதினி" என்றார் மாப்பிள்ளை. சம்பளக் கணக்கில் இதற்குப் பத்தி இல்லை. இரண்டு பேரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால், கிளம்பி வந்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன், அது என் சுயநலம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வேகரயிலில் சுவான்சோ. அரை மணி நேரம். பழைய கடல் வணிகத் துறைமுகம், 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு அது. சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் காலம்.

கைய்யுவான் புத்த கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால் இரண்டு தூண்கள் தனியாகத் தெரியும். இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து எடுத்துவந்து வைத்தவை. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் உள்ளங்கை அகல வட்டத்துக்குள் இருக்கிறார். கீழே உரலோடு இரண்டு மரத்துக்கு நடுவில் தவழும் கண்ணன். பெரியவனுக்குக் கதை தெரியும், ஆச்சி டீம்ஸில் சொன்னது. அங்கே நின்ற நாலைந்து சீனப் பிள்ளைகளுக்கு அவன் விளக்க ஆரம்பித்துவிட்டான். அவர்களுடைய பெற்றோர்களும் கூடிவிட்டார்கள். என்னென்ன சொன்னானோ, தங்கை மட்டும் ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஊர் முழுக்கப் பெண்கள் தலையில் பூ வளையம். பக்கத்து சுன்பு மீனவக் கிராமத்துப் பழக்கம், இப்போது சுற்றுலா வருபவர்கள் எல்லோரும் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தங்கையும் சின்னவளும் வைத்துக்கொண்டார்கள். வருஷக் கணக்காகத் தலையில் பூ இல்லாமல் இருந்தவள், ரயிலில் திரும்பும்போதும் கழற்றவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஷாங்காயில் இன்று காலை பெபிங்கா புயல் கரையேறியது. 1949க்குப் பிறகு அந்த நகரம் பார்த்த புயல்களிலேயே பலமானதாம். மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர் ஒருவர் அங்கே விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டார். இங்கே மேகமூட்டம் மட்டும். இந்த விழாவுக்குச் செய்யும் நிலாப் பணியாரத்தில் உப்பு மஞ்சள்கரு வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. துணி துவைத்தோம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

விழா நாள். சியாமென் பக்கத்துக்கே உரியது போபிங் என்கிற பகடை ஆட்டம். பெரிய பீங்கான் கிண்ணத்தில் ஆறு பகடை. விழும் எண்ணைப் பொறுத்துப் பட்டம், பட்டத்துக்குத் தகுந்த பரிசு. பட்டங்கள் எல்லாம் பழைய அரசுத் தேர்வுகளில் தேறியவர்களுக்குரியவை. ஒரே ஒரு நாலு விழுந்தால் கடைசிப் பட்டம், நாலு பகடையில் நாலு விழுந்தால் முதலிடத்தில் தேறிய பண்டிதர். மொத்தம் 63 பரிசு, முதல் பட்டத்துக்கு ஒன்றுதான். மரணத்தை ஒத்து ஒலிக்கிறது என்று லிப்டில் கூட நாலாம் எண்ணை ஒளித்துவைக்கிற நாட்டில், இந்த ஆட்டத்தில் மட்டும் நாலுக்கு ராஜமரியாதை. படிப்பு எந்த அளவுக்கு இங்கே ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும், சூதாட்டத்தில் கூடத் தேர்வு முடிவுதான்.

பக்கத்து வீட்டில் இரண்டு வட்ட மேசை, பதினைந்து பேர். பரிசு எல்லாம் வீட்டுச் சாமான்: சோப்பு, பற்பசை, துண்டு, சலவைத்தூள். முதல் பரிசு ரைஸ் குக்கர். பகடை கிண்ணத்தை விட்டு வெளியே குதித்தால் அந்த முறை போச்சு. பெரியவன் ஆவேசமாகப் போட்டு மூன்று முறை வெளியே தெறிக்கவிட்டான். மாப்பிள்ளை நிகழ்தகவு பேச ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. என் கையில் பற்பசையாகச் சேர்ந்தது. சின்னவள் இரண்டு கையாலும் அள்ளிக் கிண்ணத்துக்குள் விட்டாள், நாலு பகடையில் நாலு. மேசையே எழுந்து கத்தியது. ஆனால் அத்தோடு முடியாது, அதைவிடப் பெரிய சேர்க்கை யாருக்காவது விழுந்தால் பட்டம் கைமாறும். கடைசிச் சுற்றில் பாட்டியின் மகனுக்கு ஐந்து பகடையில் நாலு விழுந்தது.

சின்னவள் குக்கரை விடவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாட்டி சமாதானம் பேசினார், அந்த மகன் எடுத்துக்கோ என்று கைகூப்பினார், தங்கை வேண்டவே வேண்டாம் என்று இழுத்தாள். நடுவில் பெரியவன் புகுந்து, விதி விதிதான், மாமாவுக்குத்தான் சேர வேண்டும் என்று சீனத்தில் அவர்களிடமும் தமிழில் எங்களிடமும் வாதாடினான். தங்கையே அவனை அடக்க வேண்டியதாயிற்று.

குக்கர் இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு எனக்கு விமானம். வீட்டில் எல்லோருக்கும் பள்ளிக்கூடம், டாக்சிக்குச் சொல்லியாகிவிட்டது.